பழனிக்குப் போன துப்பாக்கிச் சட்டை

அருள்புரம்,
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

அமெரிக்காவில் குடியிருக்கும் என் அன்பு மகள் ஜெயபாரதிக்கு, அருள்புரம் லைன் வீட்டிலிருந்து உன் அப்பா தண்டாயுதபாணி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. கடிதம் என்றால் முதலில் இங்கே அனைவரும் சுகம் என்று எழுத வேண்டுமாம். இங்கே அனைவரும் என்பது நான் ஒருவன்தான். ஆகவே அனைவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்திக் கண்ணு தரணியும் சுகமாக இருக்கச் சிவன்மலை ஆண்டவன் துணையிருப்பான்.

கையெழுத்தைப் பார்த்து யார் எழுதியது என்று திகைக்காதே. நான்தான். என் கைதான். உனக்குத் தெரியாமல் கற்றுக்கொண்டேன். நான் வேலை செய்யும் பனியன் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஆடிட் பார்க்க வந்தவர், சம்பளப் பதிவேட்டில் பாதிக்குப் பாதி கைநாட்டாக இருப்பதைப் பார்த்து முகம் சுளித்தாராம். உடனே முதலாளி லிங்கசாமி, ஆபீசில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் வினிதா என்ற பெண்ணைக் கூப்பிட்டு, அடுத்த ஆடிட்டுக்குள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். வேலை முடிந்ததும் கேண்டீனில் அரை மணி நேரம் வகுப்பு. டீயும் வடையும் உண்டு. ஆடிட் முடிந்தது, வடையும் நின்றது, வகுப்புக்கு வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். நான் மட்டும் போனேன். "தாத்தா, கையெழுத்துதான் நல்லா வந்துருச்சே, இன்னும் என்னங்க?" என்று வினிதா கேட்டாள். "கையெழுத்துக்கு மேல எழுதறதுக்கு ஏதாவது வேணும்ல கண்ணு" என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு மறுநாள் தன் காசில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிவந்தாள். இப்போது எனக்கு எல்லாம் படிக்க வருகிறது. பல்லடம் பஸ்ஸில் எத்தனையோ வருடமாக நின்றுகொண்டே போயிருக்கிறேன். போன மாதம்தான் படித்தேன், நான் பிடித்துக்கொண்டு நிற்கும் கம்பிக்குப் பக்கத்து சீட்டில் முதியோர் என்று எழுதியிருக்கிறது. அதில் உட்கார்ந்திருந்த ஆளிடம் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து இடம் கொடுத்தார். இரண்டு ஸ்டாப்தான், ஆனாலும் உட்கார்ந்துகொண்டு போனேன்.

தரணியின் பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிடும்போது திடீரென்று தூக்கிக் காட்டலாம் என்று வைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ கூப்பிடவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அந்தப் போட்டோதான். அதை விளக்கத்தான் இவ்வளவு மெதுவாக, விரலை நீவிவிட்டு நீவிவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ கோபமாக இருந்தாலும் கடிதத்தைக் கடைசி வரைக்கும் படித்துவிட வேண்டும். போன் என்றால் பாதியில் நெட் போய்விடும். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நம் கம்பெனியில் போன ஆடி மாதத்துக்கு முன்னால் அமெரிக்கா ஆர்டர் இரண்டு வந்தது. இரண்டும் ஒரே மாநிலத்துக்கு. ஒன்று ஆலிவ் பச்சை, முதுகில் நீளத் துப்பாக்கிப் படம். இன்னொன்று வெங்காயத்தோல் நிறம், அதே துப்பாக்கிப் படம், அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. நானும் தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டும் மற்றவர்களும் முதலில் இரண்டாவதைப் பார்த்துவிட்டு, முதல் ஆர்டரைத்தான் அடித்துத் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம். பிறகு வினிதாவிடம் கேட்டேன்.

"தாத்தா, ரெண்டும் அங்க இருக்கற வேற வேற சங்கமுங்க. துப்பாக்கி வச்சுக்கறது எங்க உரிமைன்னு ஒண்ணு. அதுக்குக் கட்டுப்பாடு வேணும்னு ஒண்ணு. எலெக்சன் வந்தா ரெண்டு பேரும் செலவு பண்ணுவாங்க."

"அவங்களே நிக்கறாங்களா?"

"நிக்க மாட்டாங்க. நிக்கறவங்களுக்குச் செலவு பண்ணுவாங்க. டிவில விளம்பரம், சட்டை, தொப்பி எல்லாம். அப்பறம் ஜெயிச்சவங்க ஆபீசுக்குப் போயி அவங்ககூடப் பேசிட்டே இருக்கறதுக்கு ஆள் வச்சுருக்காங்க."

"பேசறதுக்கு ஆளா? சம்பளத்துக்கா?"

"நல்ல சம்பளமுங்க தாத்தா. நம்ம ஓனரை விட அதிகமா இருக்கும்."

எனக்கு இரண்டு விஷயம் புதிதாக இருந்தது. நம் ஊரில் நிற்கிறவர் ஓட்டுப் போடுகிறவனுக்குக் கொடுப்பார். அங்கே நிற்கிறவருக்கே வேறு ஆட்கள் கொடுக்கிறார்கள். இரண்டாவது, ஒருவரோடு பேசிக்கொண்டிருப்பதற்குச் சம்பளம். அந்த வேலை இங்கே இருந்தால் நான் சம்பளமில்லாமலே போய்வருவேன் என்று சொன்னேன். வினிதா சிரித்தாள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

எந்தச் சங்கம் எவ்வளவு செலவு செய்கிறது என்று அங்கே டிவியில் சொல்வார்களோ என்னவோ, எங்களுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. துணியைக் கையில் எடுத்தால் போதும். வேண்டும் என்கிறவர்களின் சட்டை நல்ல கனம், மூன்று கலர் பிரிண்ட், கழுத்துப் பட்டிக்குள்ளே தனியாக நாடா வைத்துத் தைக்கச் சொல்லியிருந்தார்கள். வேண்டாம் என்கிறவர்களின் சட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் எதிரே நிற்கும் ஆள் தெரிவான். ஒரே கலர் பிரிண்ட். அதற்கும் விலையைக் குறைக்கச் சொல்லி மெயில் மேல் மெயில். பிறகு அவர்களுக்கும் எங்கிருந்தோ ஒரு பெரிய கை கிடைத்துவிட்டது போலிருக்கிறது, திடீரென்று எண்ணிக்கையை ஏற்றினார்கள். ஒரு வாரம் போவதற்குள் வேண்டும் என்கிறவர்களும் ஏற்றினார்கள். உடனே அவர்கள் தொப்பியும் சேர்த்துக் கேட்டார்கள். இவர்கள் தொப்பியோடு துணிப்பையும் கேட்டார்கள். ஒருவர் தட்டை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது போல இருந்தது. இரண்டும் ஒரே கம்பெனியில் தைக்கப்படுவது இரண்டு சங்கத்துக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்று முதலாளிக்குப் பெரிய பயம். பச்சைக்குத் தனி டேபிள், வெங்காயத்தோலுக்குத் தனி டேபிள், நடுவில் ஒரு தார்ப்பாய்த் திரை. பிசிறு வெட்ட ஆள் போதாமல் என்னைத் திரைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு பக்கத்துப் பண்டலையும் என் மடியிலேயே போட்டார்கள். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வெங்காயத்தோல் பெட்டியில் ஒரு பச்சைச் சட்டை கிடக்கிறது. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க பெரியவரே, வேண்டாம்ங்கறவங்க பொட்டியப் பிரிச்சதும் மொதல்ல வேணும்ங்கற சட்டை வந்துச்சுன்னா என்னாகும்னு நெனச்சுப் பாத்தீங்களா?"

"மாத்தி வச்சுட்டேனுங்க மொதலாளி. இனி வராதுங்க."

"வரக்கூடாதுங்க. அவங்க சண்ட அவங்களோட இருக்கட்டும். அதுக்காக ராசியாயிரவும் கூடாது. ராசியாயிட்டாங்கன்னா நம்ம மிஷினெல்லாம் நின்னுருமுங்க."

அந்தச் சமயத்தில்தான் நீ தரணியின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாய். ஞாபகம் இருக்கிறதா கண்ணு? நீ சொல்வதற்கு முன்னாலேயே குழந்தை போனைப் பிடுங்கிக்கொண்டு, "அப்புச்சி, இன்னிக்கு எங்க கிளாஸ்லயே நாந்தான் ரொம்ப சைலண்ட். மிஸ் சொன்னாங்க" என்றது. நானும், "சமத்துக் கண்ணு, பள்ளிக்கூடத்துல அப்படித்தான் சத்தமில்லாம இருக்கோணும்" என்று கைதட்டினேன். நீ போனை வாங்கிக்கொண்டாய். பிறகுதான் சொன்னாய், துப்பாக்கியோடு ஒருவன் உள்ளே வந்துவிட்டால் எப்படி மேஜைக்கடியில் மூச்சுக் காட்டாமல் ஒளிந்துகொள்வது என்று பழக்குகிறார்களாம், அதில்தான் தரணி முதலாவதாம். எனக்குக் கைதட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அப்புறம் நீ, நீயும் சில அம்மாமார்களும் ஒரு சங்கத்தில் சேர்ந்திருப்பதாகவும் மாதா மாதம் உன் சம்பளத்தில் கொஞ்சம் அதற்குக் கொடுப்பதாகவும் சொன்னாய். "எதிர்ப்பக்கம் எவ்வளவு கொட்டறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்கப்பா" என்றாய். எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். துணியின் கனம் வரைக்கும் தெரியும். அதற்குள் நெட் போய்விட்டது.

மறுநாள் வேலைக்குப் போனதும் வினிதாவிடம் இரண்டு சட்டையிலும் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லச் சொன்னேன். பச்சையில் "என் வீடு, என் துப்பாக்கி, என் உரிமை" என்று எழுதியிருந்ததாம். வெங்காயத்தோலில் "எங்கள் பிள்ளைகள் மாலையில் வீடு திரும்ப வேண்டும்" என்று இருந்ததாம். அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. வெங்காயத்தோல் சட்டைகளுக்கு மட்டும் ஒவ்வொரு தையலாகப் பார்த்து, நூல் நுனி ஒன்றுகூட மிஞ்சாமல் வெட்டினேன். செக்கிங்கில் இருக்கும் பெண் வந்து, "தாத்தா, அந்தப் பக்கம் பண்டல் மலையாட்டம் குமிஞ்சு கெடக்குது, நீங்க இந்த ஒண்ணயே வச்சுத் தடவிக் குடுத்துட்டு இருக்கறீங்க" என்று சத்தம் போட்டாள். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை சம்பளக் கவர் வந்தபோது அதற்குள் இரண்டு பக்கத்துப் பணமும் ஒன்றாகத்தான் இருந்தது. எந்த நோட்டு எந்தச் சங்கத்துடையது என்று பிரித்துவைக்க வழியில்லை. நீ கொடுத்த பணத்தில் கொஞ்சம் சுற்றி வந்து அப்பாவின் அரிசிக்கு ஆகியிருக்கும். எதிர்ப்பக்கத்துப் பணம் பருப்புக்கு ஆகியிருக்கும். சாப்பிடும்போது இரண்டும் ஒன்றாகத்தான் போயிற்று.

அதற்கப்புறம் அமெரிக்காவில் வரியை ஏற்றிவிட்டார்கள் என்று சட்டை வாங்கும் பையர்கள் கடைசி லாட்டை எடுக்கவில்லை. எலெக்சன் சட்டை எலெக்சன் முடிந்த மறுநாள் வெறும் பனியன். பச்சையும் வெங்காயத்தோலும் குடோனில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன, திரை எதுவும் இல்லாமல். அங்கேதான் உன் தாய்மாமன் பொன்னுச்சாமி வந்து சேர்ந்தான். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரைக் குழுவுக்கு இந்த வருடம் அவன்தான் தலைவன். ஏதாவது ஒரு கம்பெனியில் தேங்கிய சட்டையை உபயமாக வாங்கி எல்லோரும் ஒரே கலரில் நடந்து போவது நம் ஆட்களின் வழக்கம்தான். போன வருடம் ஏதோ ஒரு வெளிநாட்டு நாய்த் தீவனக் கம்பெனியின் சட்டையில் போனார்கள், நாய்ப் படத்தைப் பார்த்துப் பைரவர் என்று வழியில் சிலர் கும்பிட்டார்கள். இந்த வருடம் பச்சையைப் பார்த்ததும் பொன்னுச்சாமிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"மச்சான், பச்சை. முருகனே பாத்து எடுத்து வச்சாப்பல இருக்குது."

"டேய், முதுகுல துப்பாக்கி இருக்குதுடா."

"அதுக்கென்னங்க மச்சான். கீழ ஒரு வார்த்தை அடிச்சுட்டாப் போச்சு."

பிரிண்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய், துப்பாக்கிக்குக் கீழே மஞ்சள் கலரில் வெற்றிவேல் என்று அடித்துக்கொண்டு வந்துவிட்டான். அப்படியும் பச்சை எல்லோருக்கும் போதவில்லை. மிச்சப் பேருக்கு வெங்காயத்தோல். அதிலும் கீழே வெற்றிவேல். நான் அப்போதே, "எனக்கு வெங்காயத்தோல் குடு" என்று கேட்டேன். முருகன் சாட்சியாகக் கேட்டேன். ஆனால் அந்தச் சங்கத்தில் அம்மாமார்களும் பிள்ளைகளும்தான் அதிகம் போலிருக்கிறது, எடுக்காமல் விட்டதெல்லாம் சின்ன அளவு. பச்சைச் சங்கத்தில் எல்லோரும் பெரிய உடம்புக்காரர்கள், எல்லாம் டபுள் எக்ஸெல். நான் வெங்காயத்தோலில் ஒன்றைத் தலை வழியாக மாட்டினேன். நெஞ்சுக்குக் கீழே இறங்கவில்லை. கையும் மேலே தூக்கியபடியே நின்றுவிட்டது. பொன்னுச்சாமியும் இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கழற்றினார்கள். "மச்சான், இதுக்குள்ள மாட்டிக்கிட்டு அரோகரா போட்டீங்கன்னா மூச்சு நின்னுரும், பேசாம பச்சையப் போடுங்க" என்றான். பச்சை முழங்கால் வரைக்கும் வந்தது. வேட்டியே தேவையில்லை போலிருந்தது. இப்படித்தான் கண்ணு நான் அந்தக் கட்சிக்குப் போனேன். கொள்கை எதுவும் இல்லை. அளவுதான்.

பல்லடம் தாண்டி, பொங்கலூர் தாண்டி நன்றாகத்தான் நடந்தோம். முன்னால் பச்சை வரிசை, பின்னால் வெங்காயத்தோல் வரிசை. ஒரு இடத்தில் போலீஸ்காரர் ஒருவர் பைக்கை ஓரம் கட்டி என்னை நிறுத்தினார். வயதான ஆள் என்பதால் மரியாதையாகத்தான் கேட்டார்.

"பெரியவரே, முதுகுல என்னங்க?"

"சட்டைங்க சார்."

"சட்டைன்னு தெரியுது. சட்டைல என்னங்க?"

"அது அமெரிக்கா எலெக்சனுங்க சார்."

"அமெரிக்கா எலெக்சனுக்கு எதுக்குங்க பழனிக்குப் போறீங்க?"

நான் விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு சங்கம், செலவு, வரி, தேங்கிய லாட்டு எல்லாம் சொன்னேன். என்னிடம் இவ்வளவு நேரம் நின்று காது கொடுத்துக் கேட்ட ஆள் சமீபத்தில் வேறு யாரும் இல்லை. அவர் பின்னால் வந்த வரிசையைக் கையால் காட்டினார்.

"அப்ப இவங்க?"

"அவங்க துப்பாக்கி வேண்டாம்ங்கறவங்க சார்" என்றான் பொன்னுச்சாமி.

"அப்ப நீங்க வேணும்ங்கறவங்களா?"

"ஐயோ, நாங்க எல்லாருமே முருகன்ங்க சார்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு கட்சியும் ரோட்டை விட்டு எறங்கி ஒரே வரிசையாப் போங்க" என்று சொல்லிவிட்டு, என் காலைப் பார்த்து, கொப்புளத்துக்கு மருந்து போடும் பந்தல் எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதற்கு அப்புறம், நான் காலை நொண்டிக்கொண்டு நிற்கும்போது பொன்னுச்சாமி பின்னாலிருந்து, "மச்சான், இங்க பாருங்க" என்றான். நான் திரும்பிச் சிரித்தேன். அதுதான் அந்தப் போட்டோ. முதுகு முழுக்கத் துப்பாக்கி, தோளுக்கு மேல் என் சிரித்த முகம், கீழே வெற்றிவேல். அதை நம் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டு, "எங்க மச்சான் கெளம்பிட்டார், வழி விடுங்க" என்று எழுதியும் விட்டான். அந்தக் குரூப்பில் நீயும் இருக்கிறாய் என்று அந்த முட்டாளுக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் பழனி அடிவாரம் போய்ச் சேர்ந்த பிறகுதான் தோன்றியது. மலையேறி முருகனிடம் உனக்காகத்தான் முதலில் கும்பிட்டேன். ஆனால் என்ன செய்வது, அந்தச் சட்டையோடு நின்றுதான் கும்பிட்டேன்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, நீ கூப்பிடும் நேரத்துக்குக் குளித்து, வேறு சட்டை போட்டு, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து ரூமில் பீகார்க்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் போன் பேசும் நாள். எல்லாம் சத்தமாக வைத்துத்தான் பேசுவார்கள். அவர்களின் அம்மாக்களின் குரல் எல்லாம் எனக்கு இப்போது அடையாளம் தெரியும். அவர்களில் ஒருவன் எட்டிப் பார்த்து, "தாதாஜி, போன் ஆயா?" என்றான். போன் வந்ததா என்று கேட்கிறான். "ஆயேகா" என்றேன். வரும் என்பதற்கு இந்தியில் அதுதான் வார்த்தை. எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான், இப்போது அதைத்தான் அடிக்கடி சொல்கிறேன்.

அடுத்த ஞாயிறும் வராமல் போனபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சரி, தப்பைச் சரிசெய்து விடுவோம் என்று வெங்காயத்தோல் சட்டை ஒன்றை வாங்கிவந்து, அதைப் போடத்தான் முடியாதே, நெஞ்சில் ஊக்கு குத்தி மாட்டிக்கொண்டு, பொன்னுச்சாமியைப் படம் எடுத்துக் குரூப்பில் போடச் சொன்னேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள். மாமா கட்சி மாறிவிட்டார் என்று ஒருவர். எவ்வளவு கொடுத்தாங்க மாமா, எங்களுக்கும் சொல்லுங்க என்று ஒருவர். அதற்கப்புறம் நானே உனக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. பிறகு பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். "கண்ணு, அப்பா மேல கோபமா?" என்று அவ்வளவுதான் கேட்டேன். அதற்கு நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாய். வினிதாவிடம் காட்டி இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஆமாம் என்று அர்த்தம் என்றாள். நான் இந்த வயதில் கைநாட்டை விட்டுவிட்டுக் கையெழுத்துக்கு வந்தால், இரண்டு டிகிரி படித்த என் மகள் எனக்குக் கைநாட்டு வைத்து அனுப்புகிறாள் என்று சொல்லிச் சிரித்தேன். வினிதாவும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான் ஜெயபாரதி. நான் உன் பக்கம். துணி மெல்லிசாக இருந்தாலும் உன் பக்கம்தான். அந்தப் பச்சைச் சட்டை போட்டுக்கொள்கிறவர்களும் அவர்கள் ஊரில் நல்லவர்களாக இருக்கலாம், அவர்களுக்கும் வீட்டில் பயம் இருக்கலாம், தனியாகக்கூட இருப்பார்கள், அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது தரணி ஒருத்திதான். அவள் மேஜைக்கடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளைச் சத்தம் போடச் சொல். வீட்டிலாவது பாத்திரத்தை உருட்டட்டும், கதவை அடிக்கட்டும். திட்டாதே. இங்கே என் வீட்டில் நான் ஒரு டம்ளரைக் கீழே வைத்தால் அந்தச் சத்தம் எனக்கே கேட்கிறது.

நீ கோபப்படு. அது நியாயம்தான். ஆனால் ஒன்று. பேசக்கூடாது என்று இருந்தால், போனைப் போட்டுவிட்டுப் பேசாமல் இரு. நான் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ சமையல் செய், துணி மடி, முகத்தைத் திருப்பிக்கொள், எதுவானாலும் சரி. நானும் என் வேலையைப் பார்ப்பேன். வேலை என்று ஒன்றும் இல்லை, இருந்தாலும் பார்ப்பேன். இரண்டு பேரும் கோபமாக உட்கார்ந்திருந்தால்கூட ஒரு வீட்டில் இருப்பது போல இருக்கும்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். தரணிக்கு அப்புச்சியின் ஆயிரம் முத்தம். சிவன்மலை ஆண்டவனும், சட்டையைப் பார்க்காமல் மனதைப் பார்த்திருப்பான் என்று நான் நம்பும் பழனி ஆண்டவனும் உங்கள் மூவரையும் காத்து நிற்கட்டும். கவரின் மேல் விலாசத்தை இங்கிலீஷில் வினிதா எழுதித் தருகிறாள். உள்ளே இருப்பதெல்லாம் நான்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வே. தண்டாயுதபாணி.

பின்குறிப்பு: வியாழக்கிழமை எழுதுவது. கவரை ஒட்டுவதற்கு முன்னால், நேற்றுக் காலையில் நீயே போன் செய்துவிட்டாய். காருக்குள்ளிருந்து. "சாரிங்கப்பா, உங்க ஞாயித்துக்கெழம காலைல எங்களுக்குச் சனிக்கெழம சாயங்காலமுங்க. தரணிக்கு நீச்சல் கிளாஸை அந்த நேரத்துக்கு மாத்திட்டாங்க. சொல்லணும் சொல்லணும்னு மறந்தே போயிட்டேன்" என்றாய். நான் போட்டோவைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தேன். "எந்தப் போட்டோங்கப்பா? அந்தக் குரூப்ப நான் எப்பவோ மியூட் பண்ணி வச்சுட்டேன். ஒரே குட் மார்னிங்கா வருது" என்றாய். அந்தக் குட் மார்னிங் எல்லாம் நான் அனுப்புவது. நான் பேசி அனுப்பியதை நீ கேட்கவே இல்லையாம், எல்லோருக்கும் போடுவது போல எனக்கும் ஒரு விரலைப் போட்டுவிட்டாயாம். அப்புறம் வேறு ஏதோ கிளாஸ் முடிந்து தரணி வந்துவிட்டாள், வைத்துவிட்டாய்.

அப்படியானால் நீ கோபமாகவே இல்லை. இத்தனை நாளும் என் மகள் அங்கே என்னை நினைத்து நினைத்துக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் யாரோ கூட இருப்பது போலத்தான் இருந்தது. ஆகவே மேலே எழுதிய விளக்கம் எதையும் நீ நம்ப வேண்டாம். பெரிய அளவுச் சட்டையில் எனக்கும் ஆசை இருந்தது என்றே வைத்துக்கொள். அந்தப் போட்டோவைக் கடையில் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், துப்பாக்கி தெளிவாகத் தெரிகிறது. நன்றாகப் பார்த்து நன்றாகக் கோபப்பட்டு, போன் செய்து அப்பாவைத் திட்டு. திட்டுவதற்கு நேரம் பிடிக்கும் கண்ணு, காருக்குள்ளிருந்து வேண்டாம். வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, நிதானமாகக் கூப்பிடு.